தி பேன்ஷீஸ் ஆஃப் இனிஷெரின்: கொலம் கேட்டது தப்பா, கேட்ட விதம் தப்பா?

இரவுக்காட்சி

முழுக்கதையையும் பேசப் போகிறோம். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

மார்ட்டின் மெக்டோனா எழுதி இயக்கி 2022இல் வந்த படம். கதையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்தில் ஒரு கற்பனைத் தீவு. பாட்ரிக் (காலின் ஃபேரல்) தினமும் மதியம் 2 மணிக்குக் கொலம் (பிரெண்டன் கிளீசன்) வீட்டுக்குப் போவான், இருவரும் சேர்ந்து பப்புக்குப் போவார்கள். பல வருடப் பழக்கம் அது. ஒருநாள் கதவைத் தட்டினால் கொலம் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்து புகைத்துக்கொண்டிருக்கிறான். சண்டையா என்று கேட்டால் இல்லை. நான் ஏதாவது சொல்லிவிட்டேனா என்றால் அதுவும் இல்லை. உன்னை இப்போது பிடிக்கவில்லை, அவ்வளவுதான் என்கிறான்.

முதல் முறை பார்த்தபோது முழுக்கப் பாட்ரிக் பக்கம் இருந்தேன். போன வாரம் மறுபடி பார்த்தபோது கொலம் கேட்டதில் என்ன தப்பு என்று தோன்றியது. அவனுக்கு வயதாகிறது. மிச்சம் இருக்கிற நாட்களில் பிடிலுக்கு நாலு மெட்டு கட்டிவிட்டுப் போக வேண்டும் என்கிறான். அதற்குச் சில நாள் முன்பு பாட்ரிக் இரண்டு மணி நேரம் பேசியது கழுதைச் சாணியில் என்ன கிடந்தது என்பதைப் பற்றி. அதற்குப் பாட்ரிக் சொல்லும் பதில், அது கழுதைச் சாணி இல்லை, மட்டக்குதிரைச் சாணி என்பது. தியேட்டரில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இப்போது யோசித்தால் அந்த ஒரு பதிலிலேயே கொலமின் பத்து வருட அலுப்பு தெரிகிறது.

ஒருவன் தன் நேரத்தைத் திரும்பக் கேட்கக் கூடாதா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மழைக்காகிதம்

கேட்கலாம். ஆனால் ஒரே கிராமம், ஒரே பப், ஒரே சர்ச். அங்கே ஒருவனோடு பேச மாட்டேன் என்றால் அவன் எங்கே போவான்? நகரத்தில் நட்பை விட்டால் வேறு தெருவில் நடந்து போகலாம். தீவில் தெருவே ஒன்றுதான்.

இன்னொன்று. சின்ன வயதில் நாம் காய் விடுவோமே, விரலைக் காட்டி? பழம் விடுவதும் விரலால்தான். ஊர்ப் பையன் டொமினிக் இதைக் கேள்விப்பட்டதும் கொலமுக்கு என்ன பன்னிரண்டு வயதா என்று கேட்கிறான். அதே வயதில்தான் நாமும் காய் விட்டோம். என்ன ஒன்று, நாம் விரலைக் காட்டினோம், கொலம் விரலை வெட்டிக் கதவில் எறிகிறான். வீட்டில் ஆட்டு ரோமம் வெட்டுகிற கத்தரி இருக்கிறது, நீ என்னிடம் பேசும் ஒவ்வொரு முறையும் என் விரலில் ஒன்றை வெட்டி உனக்குத் தருவேன் என்கிறான். அதிலிருந்துதான் இது வேறு படமாகிறது.

வயலின்பெட்டி

இந்த விரல் விஷயத்தில் நான் கொஞ்சம் பேச வேண்டும். பதினாறு வருடமாக வயலின் வாசிக்கிறேன், கர்நாடக சங்கீதம்தான். ஆனால் இடது கை எல்லா ஊரிலும் இடது கைதான்.

கொலம் வெட்டுவது இடது கை விரல்களை. தந்தியை அழுத்தி ஸ்வரத்தை உண்டாக்குவது அந்தக் கைதான், வலது கை வில்லைத்தான் பிடிக்கிறது. முதலில் போவது ஒரே ஒரு விரல். அதை இழந்தாலும் எப்படியோ சமாளித்து வாசிக்கலாம் (கஷ்டம், ஆனால் முடியும்). அடுத்த முறை மிச்சம் நாலையும் ஒரேயடியாக வெட்டிவிடுகிறான். அதோடு கதை முடிந்தது. எந்தச் சங்கீதத்துக்காக நண்பனை விட்டானோ அந்தச் சங்கீதத்தையே வாசிக்க முடியாமல் தன் கையாலேயே செய்துகொள்கிறான். மெட்டைக் கட்டி முடித்த கையோடு இதைச் செய்கிறான் என்பதைக் கவனியுங்கள்.

இதை எல்லோரும் கிறுக்குத்தனம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு வேலை முடிந்த மறுநாள் வருகிற வெறுமை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். இந்தக் கீர்த்தனை கைக்கு வந்துவிட்டால் போதும், நிம்மதி என்று மாதக்கணக்கில் நினைத்திருப்போம். வந்துவிடும், நிம்மதி வராது. கொலமுக்கு மெட்டு வந்துவிட்டது, நிம்மதி வரவில்லை.

இன்னொரு தகவல், கிளீசன் நிஜமாகவே பிடில் வாசிக்கிறவர். படத்தில் அவர் வில் பிடிப்பதைப் பாருங்கள். மணிக்கட்டு தளர்ந்து இருக்கும், கண் கையைப் பார்க்காது. நடிப்புக்காக மூன்று மாதம் கற்றுக்கொண்டால் இது வராது.

தீப்பெட்டி

வயலின்பெட்டி சொல்வது அழகாக இருக்கிறது. ஆனால் கொலமைக் கலைஞன் என்ற பெயரில் மன்னித்துவிடாதீர்கள். பப்பில் அந்த இரவுக் காட்சி நினைவிருக்கிறதா? பாட்ரிக் குடித்துவிட்டு வந்து நேராகக் கேட்கிறான், நல்லவனாக இருப்பதற்கு மதிப்பே இல்லையா என்று. கொலம் சொல்கிறான்: 17ஆம் நூற்றாண்டில் நல்லவனாக இருந்ததற்காக யாரையாவது இன்று நினைக்கிறோமா? சங்கீதத்தை நினைக்கிறோம், மொசார்ட்டை எல்லோருக்கும் தெரியும் என்று. பாட்ரிக் அதற்கு, எனக்குத் தெரியாதே, என் அம்மா நல்லவள், அப்பா நல்லவர், என் தங்கச்சி நல்லவள், அவர்களை எனக்கு நினைவிருக்கிறது, சாகும்வரை இருக்கும் என்கிறான்.

அங்கே ஷிவான் வந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகிறாள். போகும்போது கொலமிடம் சொல்கிறாள், மொசார்ட் 18ஆம் நூற்றாண்டு என்று. நிரந்தரப் புகழைப் பற்றிப் பாடம் எடுத்தவனுக்கு அந்தப் புகழின் நூற்றாண்டே சரியாகத் தெரியவில்லை. கொலமைப் பற்றி மெக்டோனா நினைப்பது அதில் இருக்கிறது.

இரவுக்காட்சி

ஆனால் அதே காட்சியின் கடைசியைப் பாருங்கள் தீப்பெட்டி. பாட்ரிக் கத்திவிட்டுப் போனதும் கொலம் சொல்கிறான், இவன் இத்தனை நாளில் இவ்வளவு சுவாரசியமாகப் பேசியதே இல்லை, எனக்கு மறுபடி பிடிக்க ஆரம்பித்துவிட்டது போல என்று. அந்த இரவு பாட்ரிக் அப்படியே விட்டிருந்தால்! மறுநாள் காலையில் போய் மன்னிப்புக் கேட்கிறான். நேற்று குடித்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதே என்று. நல்லவன் செய்யும் காரியம்தான். அதற்கு விலை ஒரு விரல்.

மன்னிப்புக் கேட்டதால் ஒரு உறவு மொத்தமாகக் கெட்டுப்போவதை வேறெந்தப் படத்திலும் நான் இப்படிப் பார்த்ததில்லை.

கால்வேவாசி

வணக்கம். நான் அயர்லாந்தின் மேற்கில் ஆறு வருடமாக நர்ஸாக வேலை பார்க்கிறேன். படம் எடுத்த இடங்களைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

இனிஷெரின் என்று ஒரு தீவு கிடையாது. 'இனிஷ்' என்றால் ஐரிஷ் மொழியில் தீவு. இரண்டு இடங்களைச் சேர்த்துக் கட்டிய ஊர் அது. பாட்ரிக், ஷிவான் வீட்டுப் பக்கமெல்லாம் அரன் தீவுகளில் பெரியதான இனிஷ்மோர். கொலமின் வீடு இருப்பது மேயோ கவுண்ட்டியில் அகில் தீவின் கீம் கடற்கரை. இனிஷ்மோருக்கு ராஸவீலில் இருந்து படகில் போக வேண்டும். அகிலுக்குப் பாலம் இருக்கிறது, காரிலேயே போய்விடலாம். பப் படத்துக்காகப் போட்ட செட், அகிலின் தென்பக்கம்.

இனிஷ்மோரில் போய் நின்றால்தான் அந்தக் கல் சுவர்கள் புரியும். சிமெண்ட், மண் எதுவும் கிடையாது, கல்லின் மேல் கல்லாக அடுக்கியது. ஊடே வெளிச்சம் தெரியும், காற்று சீறிக்கொண்டு வரும். நிலத்தில் பொறுக்கியெடுத்த கல்லை வேறெங்கே போடுவது, சுவராகவே அடுக்கிவிட்டார்கள். இரண்டு மாடு நிற்கிற அளவு வயலுக்கும் நாலு பக்கமும் சுவர். படத்தில் மேலிருந்து எடுத்த காட்சிகளில் அந்தக் கட்டங்களைப் பார்க்கும்போது, ஒவ்வொருவரும் ஒரு கட்டத்துக்குள் நிற்பது போல எனக்கு இருக்கும். பக்கத்து வயல்காரன் தெரிவான், பேசினால் கேட்கும், ஆனாலும் நடுவில் சுவர்.

நவம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த நேரத்தில் போக ஒரு இடம், பேச ஒரு ஆள் என்பது இங்கே பொழுதுபோக்கு இல்லை. என் முதல் குளிர்காலத்தில் ஒரு ஐரிஷ் அம்மா தினமும் என்னிடம் மழையைப் பற்றி மட்டுமே பேசுவார். வேறெதுவும் பேச மாட்டார். அந்தப் பேச்சுதான் என்னைக் காப்பாற்றியது. அதனால் கழுதைச் சாணிப் பேச்சை நான் குறைவாக நினைக்க மாட்டேன்.

அரைடிக்கெட்

கால்வேவாசி அக்கா, இது மாதிரி இன்னும் எழுதுங்கள். ஒரு சந்தேகம். கரைக்கு அப்பால் அடிக்கடி குண்டுச் சத்தம் கேட்கிறதே, புகை தெரிகிறதே, அது என்ன சண்டை?

தீப்பெட்டி

அது உள்நாட்டுப் போர். கதை ஆரம்பிப்பது 1923 ஏப்ரல் 1. (முட்டாள்கள் தினம் என்பதால்தான் மறுநாள் காலண்டரைப் பார்த்த பாட்ரிக், ஓ, விளையாட்டுக்குச் சொல்லியிருக்கிறான் என்று சந்தோஷமாகக் கிளம்புகிறான்.)

பிரிட்டனை எதிர்த்து ஒன்றாக நின்று போராடியவர்கள், அதே பிரிட்டனோடு 1921 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தை ஏற்பதா வேண்டாமா என்பதில் இரண்டாகப் பிரிந்தார்கள். 1922 ஜூன் கடைசியில் டப்ளினில் பீரங்கி முழங்கியது. 1923 மே 24ஆம் தேதி ஒப்பந்த எதிர்ப்பாளர்கள் ஆயுதங்களைக் கீழே போடச் சொல்லி உத்தரவிட்டதோடு ஓய்ந்தது. ஆக, படம் நடப்பது போரின் கடைசி வாரங்களில்.

இதை இந்த இழையில் சொல்லியே ஆக வேண்டும். ரோரி ஓ'கானர் என்பவர் 1921 அக்டோபரில் கெவின் ஓ'ஹிக்கின்ஸின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். ஒப்பந்தம் வந்ததும் இருவரும் எதிரெதிர்ப் பக்கம். 1922 டிசம்பர் 8 அன்று ஓ'கானரையும் இன்னும் மூன்று பேரையும் ஒப்பந்தத்தை ஏற்ற ஐரிஷ் அரசு சுட்டுக் கொன்றது. அந்த முடிவுக்குச் சம்மதித்த அமைச்சர்களில் ஓ'ஹிக்கின்ஸும் ஒருவர். கல்யாணம் முடிந்து பதினாலு மாதம்கூட ஆகவில்லை. பிறகு 1927இல் ஓ'ஹிக்கின்ஸையும் சுட்டுக் கொன்றார்கள்.

இதைப் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். போலீஸ்காரன் பேடர் மறுகரைக்குப் போகிறான், தூக்கோ சுடுவதோ ஏதோ தண்டனை நிறைவேற்றும்போது உதவிக்கு நிற்க. ஆறு ஷில்லிங்கும் மதியச் சாப்பாடும் தருகிறார்களாம். யார் யாரைக் கொல்கிறார்கள் என்று கேட்டால் அவனுக்கே குழப்பம். முன்பு இங்கிலீஷ்காரனைச் சுட்டபோது எளிதாக இருந்தது என்கிறான். இந்தக் காட்சிக்குச் சிரித்துவிட்டு, அதன் பிறகு ஓ'கானரைப் பற்றிப் படித்தேன். மறுமுறை பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

மழைக்காகிதம்

வரலாறு சரி. ஆனால் படம் முழுவதையும் போருக்கு உருவகம் என்று சொல்லி மூடிவைத்துவிடக் கூடாது. ஒப்பந்தச் சண்டைக்கு ஒரு காரணம் இருந்தது. இரு பக்கமும் நம்பிய கொள்கை இருந்தது. கொலம் பாட்ரிக்கை விட்டதற்குக் காரணமே இல்லை, அதுதான் வலி. காரணம் இருந்தால் மனது ஆறும்.

எனக்கு இது நடந்திருக்கிறது. பதினோரு வருடச் சிநேகம். வேலை முடிந்ததும் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை, அங்கேதான் தினமும். ஒருநாள் நான் போய் உட்கார்ந்ததும் அவன் கிளாஸை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டான். டீ பாதிதான் குடித்திருந்தான். சூடு தாங்காமல் கிளாஸின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனான், அது இன்றும் கண்ணில் நிற்கிறது. கடன் இல்லை, பெண் விவகாரம் இல்லை, வார்த்தைத் தடிப்பு கூட இல்லை. ஒன்பது வருடமாகிறது. படத்தில் கொலம் தன் பீரை எடுத்துக்கொண்டு வெளியே போய் உட்காருகிறானே, அந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிட்டுப் பால்கனியில் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதனால்தான் கொலமை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. இரவுக்காட்சி கேட்டதற்கு என் பதில் இதுதான்: கேட்டது தப்பில்லை. ஒரு மனிதனின் பல வருடத்தை ஒரே வரியில் முடித்தது தப்பு.

இரவுக்காட்சி

மழைக்காகிதம், இதை இங்கே எழுதியதற்கு நன்றி. படித்ததிலிருந்து அந்த டீ கிளாஸ் மனதை விட்டுப் போகவில்லை.

வயலின்பெட்டி

எனக்கும்தான். காரணமே இல்லை என்பதில் மட்டும் ஒரு சின்ன மாற்றம் சொல்கிறேன். பாவமன்னிப்புக் கூண்டில் பாதிரியார் கொலமிடம் விசாரிப்பது, அந்த விரக்தி எப்படி இருக்கிறது என்று. அப்படியென்றால் அது பழைய கதை, பாதிரியாருக்கே தெரிந்த கதை. கொலமுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அணைந்துகொண்டிருக்கிறது. அந்தக் காலத்தில், அந்தத் தீவில் அதற்கு மருந்து கிடையாது. அவனால் வெட்ட முடிந்தது இரண்டைத்தான், நண்பனையும் விரலையும்.

உங்கள் நண்பருக்கும் அப்படி ஏதாவது இருந்திருக்கலாம் என்று சொல்ல வரவில்லை. எனக்கு அவரைத் தெரியாது. கொலமைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கால்வேவாசி

யாரும் ஷிவானைப் பற்றிப் பேசவில்லையே! அந்தத் தீவில் புத்தகம் படிக்கிறவள் அவள் ஒருத்தி. கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு ஊருக்கே சொல்கிற கடைக்காரம்மாவுக்கு நடுவில் வாழ்கிறாள். அண்ணனுக்குச் சமைத்து, கழுதையை வீட்டுக்குள் விடாதே என்று கத்தி, கொலமிடம் போய் நியாயம் கேட்டு, வெட்டிய விரலைப் பெட்டியில் வைத்துத் திருப்பிக் கொடுத்து, எல்லாம் அவளே. மறுகரையில் நூலகத்தில் வேலை கிடைத்ததும் படகேறிவிடுகிறாள். ஷிவானாக நடித்த கெர்ரி காண்டனுக்கு அதற்கு பாஃப்டா (பிரிட்டிஷ் திரைப்பட விருது) கிடைத்தது, டொமினிக்காக வந்த பேரி கியோகனுக்கும் கிடைத்தது. ஆஸ்காரில் ஒன்பது பரிந்துரை, ஒன்றுகூட வரவில்லை. எனக்கு ரொம்ப வருத்தம்.

படகில் போகும்போது அவள் திரும்பிப் பார்க்கிறாள். உச்சியில் பாட்ரிக் சின்னப் புள்ளியாக நின்று கையசைக்கிறான். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டாம்.

அரைடிக்கெட்

டொமினிக்தான் எனக்கு. எல்லோரும் அவனை அரைக்கிறுக்கு என்கிறார்கள். ஆனால் வீட்டில் அப்பன், அந்தப் போலீஸ்காரன் பேடர், அவனைச் செய்வதெல்லாம் ஊருக்கே தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. ஏரிக்கரையில் ஷிவானிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறான். அவள் முடியாது என்றதும், சரி, அந்தக் கனவு போச்சு என்கிறான். பேரி கியோகன் அதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பும் இருக்கும், கண் வேறெங்கோ போகும்.

அப்புறம் அந்தக் கொக்கிக் கம்பு. முதலில் அதைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்குப் பயன்படும் என்று யோசிப்பான். கடைசியில் ஏரியில் அவன் உடல் மிதக்கும்போது அதே கம்பு திரும்ப வருகிறது. இரண்டு பெரியவர்கள் போட்ட சண்டையில் ஊர் கண்ணெல்லாம் அங்கேயே இருந்தது. இந்தப் பையன் போனதை யாரும் பார்க்கவில்லை. பாட்ரிக்கும் நல்லவன் என்ற பட்டத்தை அங்கே இழந்தவன்தான். கொலமின் மாணவனைத் துரத்த, உன் அப்பாவை ரொட்டி வண்டி மோதிவிட்டது என்று பொய் சொன்னதைக் கேட்டதும், நீயும் மற்றவர்கள் மாதிரிதான் என்று டொமினிக் விலகிப் போனானே.

தீப்பெட்டி

அரைடிக்கெட் சொன்னதுதான் படத்தின் நடு எலும்பு என்று நினைக்கிறேன். பாட்ரிக் கெட்டவனாக மாறுவது. கொலம் எறிந்த விரல் தொண்டையில் சிக்கிப் பாட்ரிக்கின் செல்லக் கழுதை ஜென்னி சாகிறது. கொலமுக்கும் அது தாங்கவில்லை, பாவமன்னிப்பில் போய்ச் சொல்கிறான். பாதிரியார், குட்டிக் கழுதைகளைப் பற்றிக் கடவுள் கவலைப்படுவாரா என்கிறார். கவலைப்படுவதில்லை என்றுதான் பயமாக இருக்கிறது, எல்லாம் கெட்டுப்போனதே அங்கேதான் என்கிறான் கொலம்.

பிறகு பாட்ரிக் பப்புக்கு வந்து நிதானமாக அறிவிக்கிறான். நாளை ஞாயிறு, 2 மணிக்கு உன் வீட்டைக் கொளுத்துவேன், நாயை வெளியே விட்டுவிடு, நீ உள்ளே இருக்கிறாயா என்று பார்க்க மாட்டேன் என்று. 2 மணி! இத்தனை வருடம் பப்புக்குக் கூப்பிடப் போன அதே நேரம்.

மழைக்காகிதம்

இதைக் கவனிக்கவே இல்லை தீப்பெட்டி. அதே கதவு, அதே நேரம்.

இரவுக்காட்சி

நேற்று இரவு மூன்றாவது முறையாகப் பார்த்தேன், நீங்கள் எல்லோரும் எழுதியதை மனதில் வைத்துக்கொண்டு. ஒரு காட்சிக்காகத்தான் திரும்ப எழுதுகிறேன்.

பேடர் பாட்ரிக்கை நடுத்தெருவில் அடித்துச் சாய்க்கிறான். கொலம் வருகிறான், ஒரு வார்த்தை பேசவில்லை. தூக்கி வண்டியில் உட்காரவைத்து, பக்கத்தில் தானும் ஏறி, ஓட்டிக்கொண்டு போகிறான். பாட்ரிக் தேம்பித் தேம்பி அழுகிறான். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், மாதா சிலைக்குப் பக்கம், கொலம் இறங்கித் தன் வழியே நடந்துவிடுகிறான். அழுகிறவனுக்கு ஒரு ஆறுதல் சொல்லவில்லை, ஆனால் அவனைத் தரையில் விட்டுவிட்டும் போகவில்லை. எனக்கு இதற்கு மேல் ஒரு பக்கம் நிற்கத் தெரியவில்லை. பிடிக்கவில்லை என்றது பொய் என்று இந்தக் காட்சி சொல்கிறது. பொய்யாகவே இருந்தாலும் அவன் திரும்பி வர மாட்டான் என்றும் சொல்கிறது.

கால்வேவாசி

கடைசிக் காட்சியைப் பற்றி ஒரு கேள்வி. எரிந்த வீட்டுக்குக் கீழே கடற்கரையில் இருவரும் நிற்கிறார்கள். மறுகரையில் சில நாளாகச் சத்தமே இல்லை, முடியப்போகிறது போல என்கிறான் கொலம். சீக்கிரமே மறுபடி ஆரம்பிப்பார்கள், சில விஷயங்களை விட்டுக் கடந்து போக முடியாது, அதுவும் நல்லதுதான் என்கிறான் பாட்ரிக். திரும்பி நடக்கிறான். கொலம் பின்னாலிருந்து, என் நாயைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்கிறான். பாட்ரிக் ஒரே ஒரு சொல் சொல்கிறான், எப்போது வேண்டுமானாலும் என்கிற மாதிரி. நான் இருக்கும் ஊரில் கடைக்காரர் முதல் டாக்டர் வரை எல்லோரும் நன்றிக்குச் சொல்கிற சாதாரணச் சொல்தான். அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள்?

அரைடிக்கெட்

"பரவாயில்லை"?

வயலின்பெட்டி

அது மன்னித்த மாதிரி ஆகிவிடும். அவன் மன்னிக்கவில்லை.

மழைக்காகிதம்

"அதுக்கென்ன."

என் நண்பன் அப்படித்தான் சொல்வான். டீக்கு நான் காசு கொடுத்தால் நன்றி என்பான், அவன் கொடுத்து நான் நன்றி சொன்னால், அதுக்கென்ன என்பான்.